பழைய டீசல் பிக்கப் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) குலுங்குகிறது. பம்பை இறக்கத்தான் வேண்டுமா?

உங்கள் வண்டி பழைய மகிந்திரா பிக்கப், எஞ்சினுக்கு டீசலை அழுத்தி அனுப்புவது கம்ப்யூட்டர் இல்லாத மெக்கானிக்கல் பம்பு. காலையில் ஸ்டார்ட் ஆகத் தாமதம், ஐடிலில் குலுக்கல், வெள்ளைப் புகை. பம்பை இறக்கலாம் என்கிறார் மெக்கானிக். அது கடைசி வேலை.

முதலில் டீசல் லைனில் காற்று நுழைகிறதா என்று பாருங்கள். பம்புக்குப் போகும் ஹோஸில் ஒரு துண்டு ஒளி ஊடுருவும் குழாயைத் தற்காலிகமாகப் பொருத்தினால் குமிழிகள் கண்ணுக்கே தெரியும். வெடிப்பு விட்ட ஹோஸ், தளர்ந்த கிளிப், ஃபில்டர் வாஷர் ஆகியவைதான் வழக்கமான குற்றவாளிகள். ஃபில்டரை மாற்றி, கைப்பம்பால் காற்றை வெளியேற்றுங்கள்.

குமிழி இல்லையென்றால் சிலிண்டர்களைச் சோதிக்க வேண்டும். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது, இன்ஜெக்டருக்கு (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் பாகம்) வரும் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகச் சற்றுத் தளர்த்தி இறுக்குங்கள். குலுக்கல் கூடினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது. எந்த மாற்றமும் இல்லையென்றால் கோளாறு அங்கேதான். அந்த இன்ஜெக்டரைப் பக்கத்துச் சிலிண்டருக்கு, புதிய செம்பு வாஷருடன், மாற்றிப் போடுங்கள். கோளாறும் கூடவே நகர்ந்தால் இன்ஜெக்டரைச் சர்வீஸுக்குக் கொடுக்கலாம். பழைய இடத்திலேயே நின்றால் வால்வு இடைவெளியையும் கம்ப்ரஷனையும் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவு) பார்க்க வேண்டும்.

பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துவிடும். கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் காமன் ரெயில் எஞ்சினில், நட்டைத் தளர்த்தும் இந்தச் சோதனையை ஒருபோதும் செய்யக் கூடாது. அங்கே அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும்.

சத்தம் சீராக இருந்து கேபின் மட்டும் ஆடினால், எஞ்சின் மவுண்ட் ரப்பரைப் பாருங்கள்.