புகையும்போதே அணைக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு 57 வயது. பாம்பனில் விசைப்படகு ஓட்டுகிறார். மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் இருக்கும்போது ரத்தப் பரிசோதனை செய்ததில் புரதம் அதிகம் என்றார்கள். மதுரையில் எலும்பு மஜ்ஜையைச் சோதித்துவிட்டு, "புகையும் மைலோமா, ஆபத்து அதிகமான வகை" என்கிறார்கள். இப்போதே இரண்டு மருந்துகளைச் சேர்த்துத் தொடங்கலாம் என்கிறார் ஒரு டாக்டர். காத்திருக்கலாம் என்கிறார் இன்னொருவர். இவரோ, "நோவே இல்லாதவனுக்கு மருந்து எதற்கு?" என்கிறார். ஜூன் 15-ல் கடலுக்குக் கிளம்ப வேண்டும். மகளும் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள்.
— வாசகி, பாம்பன்

பதில்: சகோதரி, அந்த இரண்டு டாக்டர்களில் யாரும் உங்களை ஏமாற்றவில்லை. மைலோமா என்பது எலும்பு மஜ்ஜையில், நோய் எதிர்ப்புப் புரதம் சுரக்கும் பிளாஸ்மா செல்களில் வரும் ரத்தப் புற்றுநோய். அது இன்னும் தொந்தரவு காட்டாத முன்நிலைதான் புகையும் மைலோமா. இதற்கு நெடுங்காலம் காத்திருப்பதுதான் முறையாக இருந்தது. புகையும் மைலோமா முதல் ஐந்து ஆண்டுகளில், ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்துப் பேருக்குத்தான் முழுப் புற்றாக மாறுகிறது. ஆனால், உங்கள் கணவருக்கு இந்தக் கணக்கு பொருந்துமா?

ரிப்போர்ட்டில் மூன்று எண்களைத் தேடுங்கள். மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் 20 சதவீதத்துக்கு மேல். அந்தச் செல்கள் ரத்தத்தில் விடும் எம் புரதம் டெசிலிட்டருக்கு 2 கிராமுக்கு மேல். லைட் செயின் (அத்தகைய புரதத்தின் சிறு துண்டு) விகிதம் 20-க்கு மேல். இவற்றில் இரண்டு இருந்தாலே ஆபத்து அதிகமான வகை. இவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இரண்டே ஆண்டுகளில் நோய் முற்றிவிடுகிறது.

ஸ்பெயினில் இத்தகைய 119 பேரை வைத்து நடந்த ஆய்வு 2013-ல் வெளியானது. காத்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு 21 மாதங்களில் நோய் முற்றியது. லெனலிடோமைடும் டெக்ஸாமெத்தசோனும் சேர்த்து எடுத்தவர்களுக்கு அது வெகுவாகத் தள்ளிப்போனது, ஆயுளும் கூடியது. ஆனால் அந்த ஆய்வில் எல்லோருக்கும் இன்றைய ஸ்கேன்கள் எடுக்கப்படவில்லை. ஏற்கெனவே நோய் முற்றியிருந்த சிலரும் அதில் கலந்திருக்கலாம் என்ற குறை உண்டு. அதனால் முழு உடல் எம்.ஆர்.ஐ. அல்லது பெட் ஸ்கேன் எடுத்தாயிற்றா என்று முதலில் கேளுங்கள். எலும்பை நோய் அரித்திருந்தால் புகையும் நிலை தாண்டிவிட்டது, முழுச் சிகிச்சைதான். ஸ்கேனில் ஒன்றும் இல்லை, எண்களும் மேலே சொன்னபடி இருக்கின்றன என்றால், தொடங்கலாம் என்பதே என் கருத்து. டாராடுமுமாப் ஊசியை மட்டும் 390 பேரிடம் சோதித்த ஆய்வும் 2024-ல் அந்தப் பக்கமே பேசியது. அதன் விலைதான் மலைக்க வைக்கும். லெனலிடோமைடு இந்தியாவிலேயே தயாராகிறது.

கடலுக்குப் போவது பற்றி: டெக்ஸாமெத்தசோன் பெரும்பாலும் வாரம் ஒருநாள். அன்று தூக்கம் கெடும், சர்க்கரை ஏறும். படகு எடுக்காத நாளில், காலையில் போடட்டும். லெனலிடோமைடால் காலில் ரத்தம் உறையலாம். அதற்குத் தடுப்பு மாத்திரை தருவார்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் அன்று கடல் வேண்டாம், நேராக மருத்துவமனைக்கு. வயிற்றில் இருக்கும் குழந்தையின் உறுப்புகளைக் குலைக்கக்கூடிய மருந்து லெனலிடோமைடு. உங்கள் மகள் அந்தக் கேப்ஸ்யூலைக் கையால்கூடத் தொடக் கூடாது.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன். வலை இழுத்த முதுகுவலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுகிறாரா? இந்த நோயில் சிறுநீரகம்தான் எளிதில் அடிபடும். மருந்து தொடங்குவதோ காத்திருப்பதோ, எந்த முடிவானாலும் அந்த மாத்திரையை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். நோவே இல்லை என்பவருக்கு முதுகு வலிக்கிறது என்றால், அதையும் மதுரை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.