தவக்காலத்துக்கு முந்தைய செவ்வாய்

அன்புள்ள ஐயா,

என் மகள் குடும்பத்தோடு இங்கிலாந்தில் இருக்கிறாள். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் தொடங்கும் விபூதி புதனுக்கு முந்தைய நாள் வீடியோ அழைப்பில் பார்த்தபோது, வீட்டில் எல்லோரும் அடுப்பைச் சுற்றி நின்று பான்கேக் சுட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மறுநாள் ஒருசந்தி (ஒருவேளை மட்டும் உண்ணும் நோன்பு) இருக்க வேண்டியவர்கள் முந்தைய இரவு வயிறு முட்டச் சாப்பிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கோயிலுக்கே போகாத அக்கம்பக்கத்தாரும் அன்று அதையேதான் செய்கிறார்களாம். நோன்பு போய்த் தீனி மட்டும் மிஞ்சிய வழக்கமா இது?

ஒரு வாசகி, தூத்துக்குடி

அன்புள்ள அம்மா,

உங்கள் மனக்குறை எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தப் பழியைப் பான்கேக்கின் மேல் சுமத்த வேண்டாம் என்றே சொல்வேன். இடைக்கால ஐரோப்பாவில் தவக்காலச் சுத்தபோசனம், அதாவது உணவு விலக்கு, இறைச்சியை விடுவதோடு நின்றதில்லை. முட்டை, பால், வெண்ணெய், பாலாடைக்கட்டி ஆகியவையும் ஈஸ்டர் வரை விலக்கப்பட்டிருந்தன. வீட்டில் மீந்திருக்கும் முட்டையையும் வெண்ணெயையும் அத்தனை நாள் வைத்திருக்கவும் முடியாது, குப்பையில் கொட்டவும் மனம் வராது என்னும்போது, கொஞ்சம் மாவோடு கலந்து சுட்டு ஒரே வேளையில் தீர்த்துவிடுவதுதான் எளிய வழி. நீங்கள் பெருந்தீனியாகக் கண்டதை அக்காலத்துக் குடும்பத்தலைவி நோன்பின் முதல் வேலையாகவே நினைத்திருப்பாள்.

அந்த நோன்பு எவ்வளவு கடினமானது என்பதற்குக் கோழிகளே சாட்சி. குளிர்காலத்தில் முட்டையிடுவதைக் குறைத்துக்கொள்ளும் கோழிகள், பகல் நீளத் தொடங்கும் தவக்கால நாட்களில்தான் மறுபடி நிறைய இடும். கூடையில் முட்டை சேர்ந்துகொண்டே இருக்க, வீட்டில் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருக்க, ஒருவரும் தொடக் கூடாது. அப்படிச் சேர்ந்த முட்டைகளுக்குத்தான் ஈஸ்டர் அன்று அத்தனை மதிப்பு. 1290ஆம் ஆண்டு முதலாம் எட்வர்டு மன்னரின் அரண்மனைக் கணக்கில், அலங்கரித்து வழங்குவதற்காக 450 முட்டைகள் வாங்கிய செலவு பதிவாகியிருக்கிறது.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு இன்னொரு பாதியும் உண்டு. தவக்காலத்துக்குள் நுழையுமுன் பாவசங்கீர்த்தனம், அதாவது குருவானவரிடம் பாவ அறிக்கை, செய்துவிட வேண்டும் என்பதால், மக்களை அழைக்க அன்று கோயில் மணி அடிக்கும். பக்கிங்ஹாம்ஷயரிலுள்ள ஓல்னி என்ற ஊரில், 1445இல் பான்கேக் சுட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் மணிச்சத்தம் கேட்டதும் கையில் பிடித்த வாணலியோடும் இடுப்பில் கட்டிய ஏப்ரனோடும் கோயிலுக்கு ஓடினாள் என்பது செவிவழிக் கதை. அதன் நினைவாக அவ்வூர்ப் பெண்கள் இன்றும் வாணலியும் கையுமாக 415 கெஜம் ஓடுகிறார்கள். ஓட்டம் முடிந்ததும் கோயிலில் வழிபாடு நடக்கிறது. 1950 முதல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்திலுள்ள லிபரல் என்ற ஊரும் அதே நாளில் ஓடி, ஓல்னியோடு போட்டியிடுகிறது.

பதினாறாம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் முட்டைக்கும் பாலுக்கும் இருந்த தடை விலகியது. பாவசங்கீர்த்தனத்துக்கு அழைத்த மணியையே ஜனங்கள் பான்கேக் மணி என்று சொல்லத் தொடங்கினார்கள். சட்டம் போன பின்னும் வழக்கம் போகாததற்குக் காரணம், அது குருவானவரின் கையில் இல்லாமல் அடுப்படியில் இருந்ததுதான் என்று நினைக்கிறேன்.

பான்கேக் என்றதும் நம்மில் பலர் அமெரிக்க உணவகங்களில் கிடைக்கும் தடித்த பணியாரத்தை நினைத்துக்கொள்கிறோம். இங்கிலாந்து வீடுகளில் சுடுவது மெல்லியது. மாவை ரவா தோசைக்குக் கரைப்பதுபோல் நீர்க்கக் கரைப்பார்கள். வாணலி நன்றாகக் காய்ந்ததும் ஒரு துண்டு வெண்ணெயைச் சுழற்றி, ஒரு கரண்டி மாவை விட்டு, உடனே வாணலியைச் சாய்த்து விளிம்பு வரை ஓட விடுவார்கள். ஓரம் பழுப்பாகி லேசாகத் தூக்கிக்கொண்டதும் மேலே எறிந்து திருப்ப வேண்டும். பிள்ளைகள் காத்திருப்பது இதற்காகத்தான். சீனியைத் தூவி, எலுமிச்சையைப் பிழிந்து, சுருட்டிச் சூடாகச் சாப்பிடுவார்கள். ஒரு நேரத்தில் ஒன்றுதான் சுட முடியும், ஆறினால் ருசிக்காது. அதனால்தான் உங்கள் மகள் வீட்டில் எல்லோரும் அடுப்படியில் நின்றார்கள். சுடுகிறவர் கடைசியாகத்தான் சாப்பிடுவார். அன்று உங்கள் மகள் சாப்பிட்டாரா என்று கேட்டுப் பாருங்கள்.

ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் வீடுகளில் இது ஒரு நாளோடு முடிவதில்லை. இறைச்சியை ஒரு வாரம் முன்பே நிறுத்திவிட்டு, அந்த வாரம் முழுவதும் பாலும் வெண்ணெயும் முட்டையும் சேர்த்து பிளினி என்னும் தங்கள் பான்கேக்கைச் சுடுவார்கள். வாரத்தின் கடைசி ஞாயிறன்று ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்ட பிறகே நோன்புக்குள் போகிறார்கள். வீட்டில் பெரியவர்களும் சின்னவர்களிடம் மன்னிப்புக் கேட்பார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

நோன்பில்லாத அக்கம்பக்கத்தாரின் பான்கேக்கில் பாதி குறைகிறது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் பேரனுக்கு அந்தக் குறையை நிரப்பக் கூடியவர் நீங்கள்தான். 2027இல் அந்தச் செவ்வாய் பிப்ரவரி 9ஆம் தேதி வருகிறது. அன்று மாலை நீங்களே அழைத்து, அந்தக் கோழிமுட்டைக் கதையைச் சொல்லுங்கள். புதன்கிழமையிலிருந்து அவன் எதை விடப் போகிறான் என்றும் கேளுங்கள். நீங்கள் எதை விடப் போகிறீர்கள் என்று அவனும் கேட்பான்.

அன்புடன்.