ஆறு ஏறுகிறதா, வடிகிறதா? – ஸ்காட்லாந்து தூண்டில்காரர்களின் கேள்விகள்

கேள்வி: டே ஆற்றுப் பக்கம் இரண்டு நாளாக மழை. சால்மன் மீன் பிடிக்க எப்போது கிளம்பலாம்?

பதில்: ஸ்காட்லாந்து சுற்றுச்சூழல் முகமையான 'செப்பா'வின் தளத்தில் நீர்மட்டக் கோட்டைப் பாருங்கள். எத்தனை மீட்டர் என்பதைவிட, கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் முக்கியம். விறுவிறுவென்று ஏறினால் வீட்டிலேயே இருங்கள். இலையும் குச்சியும் வந்து லைனில் (தூண்டில் நூலில்) மாட்டும், மீனும் பெரும்பாலும் வாய் திறக்காது. பெர்மிட்டுக்குக் காசு கட்டியாச்சே என்று புலம்பிப் பயனில்லை. உச்சி தொட்டு இறங்கத் தொடங்கியதும் புறப்படுங்கள். புதுவெள்ளத்தில் கடலிலிருந்து ஏறிய சால்மன், தண்ணீர் வடிந்து தெளியும்போதுதான் மடுக்களில் தங்கும். சிற்றாறுகளில் இந்த வாய்ப்பு சில மணி நேரத்தில் போய்விடும். டே பெரிய ஆறு, கொஞ்சம் பொறுக்கும்.

ஆற்றுக்குப் போனதும் கரையோரக் கல் ஒன்றில் தண்ணீர் தொடும் இடத்தைப் பார்த்து வையுங்கள். அரை மணி கழித்து அதில் விரல் அகலத்துக்கு ஈரப்பட்டை தெரிந்தால் வடிகிறது. கல்லே மூழ்கியிருந்தால் உடனே கரையேறுங்கள். டே படுகையில் நீர்மின் அணைகள் உண்டு. அவை நீர் திறந்தால் மழையில்லாமலும் மட்டம் உயரும்.

கேள்வி: தண்ணீர் கறுத்துக் கிடக்கிறதே, கலங்கலா?

பதில்: கட்டன் சாயா நிறமென்றால் கவலை வேண்டாம், அது பீட் (மக்கிய செடிகொடி மண்) சதுப்புநிலச் சாயம். முழங்கால் ஆழத்தில் பூட்ஸ் நுனி தெரிகிறதா? வீசுங்கள். பால் ஊற்றிய டீ மாதிரி இருந்தால் மண் கரைந்து வருகிறது. திரும்பிவிடலாம்.

கேள்வி: மார்ச்சில் தண்ணீர் 4 டிகிரி. போவது வீணா?

பதில்: வீணில்லை. 5 டிகிரிக்குக் கீழே சால்மன் தடுப்பணை தாண்டத் தயங்கும், அதனால் அணைக்குக் கீழே உள்ள மடுக்களில் தேடுங்கள். அமிழும் லைன், பெரிய ஃப்ளை (பூச்சி வடிவச் செயற்கை இரை), நிதானம். 10 டிகிரி தாண்டியதும் மிதக்கும் லைனுக்கு மாறலாம். ஏப்ரல் 1-க்கு முன் சிக்கிய சால்மனைத் திருப்பி விடுவது சட்டம். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை சால்மன் பிடிக்கவே கூடாது.

கேள்வி: ஜூலை வெயிலில் டிரவுட் மீன் கடிப்பதில்லையே?

பதில்: முதலில் வெப்பமானியை நீரில் விட்டுப் பாருங்கள். 20 டிகிரியை நெருங்கினால் தூண்டிலைச் சுருட்டுங்கள். ஆக்சிஜன் குறைந்த நீரில் போராடிய மீன், விட்டாலும் பிழைப்பது கஷ்டம். குளிர்ந்திருந்தால் விடியற்காலையில் நீர்மேல் நுரை கோடாக ஓடும் இடத்தைத் தேடுங்கள். வேகநீரும் மந்தநீரும் உரசும் இடத்தில் நுரை ஒழுங்காக ஓடும், பூச்சிகளும் அதே வழியில்தான் வரும். டிரவுட் மந்தநீர்ப் பக்கம் நின்றுகொண்டு கொத்தும். ஃப்ளையை மீனுக்கு ஒரு மீட்டர் முன்னால், நீர் வரும் பக்கம் விழவிடுங்கள்.