ஹட்டனில் இருந்துகொண்டு சிறுகோள் கண்டுபிடித்தால் எங்கள் டீச்சர் பெயரை வைக்கலாமா?

வைக்கலாம். ஆனால் பொறுமை வேண்டும்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் சிறுகோள், அடுத்தடுத்து எடுத்த படங்களில் நகரும் ஒரு புள்ளியாகத்தான் தெரியும். புதியது என்றால் முதலில் தற்காலிகக் குறியீடுதான். 1981 மார்ச் 2இல் ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங் வானாய்வகத்தில் ஷெல்டே பஸ் என்ற வானியலாளர் கண்டுபிடித்த ஒன்று 1981 ஈஓ27 ஆனது. 'ஈ' என்றால் மார்ச்சின் முதல் பாதி. சுற்றுப்பாதை உறுதியான பிறகு 4923 என்ற நிரந்தர எண் வந்தது. அப்புறம்தான் பெயர்: கிளார்க். ஆமாம், இலங்கையில் வாழ்ந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கேதான். எனக்கு அதில் பெரிய சந்தோஷம்.

எண் கிடைத்ததிலிருந்து 10 வருடங்களுக்குப் பெயரை முன்மொழியும் உரிமை கண்டுபிடித்தவருக்கு. ஆங்கிலத்தில் 16 எழுத்தைத் தாண்டக் கூடாது. சர்வதேச வானியல் ஒன்றியத்தின் குழு ஏற்க வேண்டும். அரசியல்வாதி என்றால் இறந்து 100 வருடம் ஆகியிருக்க வேண்டும். டீச்சருக்கு அந்தத் தடை இல்லை.

சரி, நம் மலையக மூடுபனியில் எப்படித் தேடுவது? சர்வதேச வானியல் தேடல் கூட்டமைப்பு, ஹவாயின் பான்ஸ்டார்ஸ் தொலைநோக்கிப் படங்களை மாணவர் குழுக்களுக்கு இலவசமாகவே தருகிறது. கணினியும் இணையமும் போதும். உங்கள் பாடசாலையில் ஒரு குழுவைப் பதிவு செய்யச் சொல்லி அந்த டீச்சரிடமே கேளுங்கள்.