மயக்கத்தில் இருப்பவருக்காக யார் பேசுவது?

அன்புள்ள அக்காவுக்கு,

மயக்க மருந்துச் செவிலியர் பயிற்சியில் இருக்கிறேன். ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே காத்திருந்த ஒரு நோயாளி என் கையைப் பிடித்துக்கொண்டு, "போன ஆபரேஷன்ல பாதியில முழிப்பு வந்துடுச்சு, அவங்க பேசினதெல்லாம் கேட்டுச்சு. யாரும் நம்பல" என்றார். உள்ளே போய்ச் சொன்னேன். "பயத்துல எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க" என்றார் மூத்தவர் ஒருவர். அதற்குமேல் நான் பேசவில்லை. நோயாளிக்காகப் பேச வேண்டும் என்று பாடத்தில் இருக்கிறது. பேசினால் டாக்டரை மீறியதாகிவிடாதா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்த நோயாளியைப் பற்றி. அவர் சொன்னதை நம்புங்கள். பொது மயக்கத்தின் நடுவே நினைவு திரும்புவது அரிது, ஆனால் நடக்கிறது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடத்திய பெரிய ஆய்வொன்று 2014இல் வெளிவந்தது. சுமார் 19,000 பேருக்கு ஒருவர் இப்படிச் சொல்லியிருந்தார். தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடுத்தவர்களில் மட்டும் பார்த்தால் சுமார் 8,000க்கு ஒருவர். அந்த மருந்து உள்ளே போனபின் விழிப்பு வந்தாலும் விரலைக்கூட அசைக்க முடியாது. ஒருமுறை இது நேர்ந்தவருக்கு மறுபடியும் நேரும் வாய்ப்பு கூடுதல். ஆகவே அவர் உங்களிடம் சொன்னது மருந்து ஒவ்வாமை போல ஒரு மருத்துவத் தகவல். மயக்கம் கொடுப்பவருக்கு அது தெரிந்தால், மூளை அலைகளைக் காட்டும் மானிட்டரைப் போடலாம், தளர்த்தும் மருந்தைக் குறைக்கலாம், வேறு முறையையே யோசிக்கலாம்.

சரி, மீறுவது பற்றிக் கேட்டீர்கள். 2005இல் இங்கிலாந்தில் எலைன் புரோமிலி என்ற பெண்ணுக்குச் சாதாரண சைனஸ் அறுவை சிகிச்சை. மயக்கம் கொடுத்தபின் மூச்சுக்குழாய்க்குள் டியூப் போகவில்லை, மாஸ்க் வழியாகவும் காற்று போகவில்லை. அனுபவமுள்ள டாக்டர்கள் திரும்பத் திரும்ப டியூபையே முயன்றார்கள். கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்யும் செட் தயாராக இருப்பதாக ஒரு நர்ஸ் அறிவித்தார். யாரும் பதில் சொல்லவில்லை. இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கை கேட்டுவிட்டு வந்தார். இதெல்லாம் எதற்கு என்பதுபோல் அவரைப் பார்த்தார்கள். திரும்பிப் போய் வேண்டாமென்று சொல்லிவிட்டார். சில நாட்களில் எலைன் இறந்துபோனார். விமானியான அவர் கணவர் மார்ட்டின், மருத்துவத்தில் மனிதத் தவறுகளைப் பற்றிப் பேச 2007இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார்.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. என்ன செய்ய வேண்டும் என்று அந்த நர்ஸ்களுக்குத் தெரிந்திருந்தது, வாயைத் திறக்கவும் செய்தார்கள். அந்த அறையில் அது யார் காதிலும் ஏறவில்லை.

அதனால்தான் பேசும் விதத்தைப் பழகிக்கொள்ளச் சொல்கிறேன். "அவர் ஏதோ சொன்னார்" என்று காற்றில் விடாதீர்கள். மயக்கம் கொடுப்பவரைப் பெயரோ பதவியோ சொல்லிக் கூப்பிட்டு, "டாக்டர், எனக்குக் கவலையாக இருக்கிறது. இவருக்குப் போனமுறை பாதியில் விழிப்பு வந்திருக்கிறது. மானிட்டர் போட்டபின் ஆரம்பிக்கலாமா?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் இன்னொரு முறை, "இது நோயாளியின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது" என்று சேர்த்து. அப்போதும் இல்லையென்றால் அடுத்த மூத்தவரைக் கூப்பிடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில், மயக்கம் கொடுக்கும் முன்பே ஒரு நிறுத்தம் உண்டு. பயிற்சியில் இருப்பவர் பேசவும் அதுதான் இடம். முடிவெடுப்பது டாக்டர், அவர் முடிவெடுக்கத் தேவையான தகவலைக் கொடுக்கிறீர்கள். இதில் மீறல் எங்கே இருக்கிறது?

அப்புறம் ஒன்று. உங்களிடம் பேசிய அந்த நோயாளி இன்னும் வார்டில் இருந்தால் போய்ப் பாருங்கள். தூங்கும் முன் கடைசியாக என்ன நினைவிருக்கிறது, எழுந்ததும் முதலில் என்ன நினைவிருக்கிறது, நடுவில் ஏதாவது உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால் உடனே மயக்க மருத்துவரிடம் தெரிவித்து, அவர் சொன்ன வார்த்தைகளிலேயே கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். அடுத்தமுறை அவருக்கு மயக்கம் கொடுக்கப்போகிறவர் அதைப் படித்தாக வேண்டும்.

அன்புடன்,
அக்கா