பயனருக்கு என்ன தேவை என்பதை எப்படி அறிவது? கேள்வி பதில்

கேள்வி: மேசைக் கிரைண்டர் ஒன்றைப் புதிதாக வடிவமைக்கிறோம். "கழுவ எளிதான கிரைண்டர் வந்தால் வாங்குவீர்களா?" என்று கேட்டதற்குப் பெரும்பாலோர் ஆம் என்றார்கள். இது போதுமா?

பதில்: போதாது. கேட்பவர் மனம் கோணக் கூடாதே என்பதற்காகவும் ஆம் என்பார்கள். அதற்குப் பதிலாக, கடைசியாக எப்போது மாவு அரைத்தீர்கள், அன்று என்னென்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். முடிந்தால் அரைக்கும்போதே அருகில் நில்லுங்கள். நான் ஒரு வீட்டில் அப்படி நின்றபோது, "இதில் ஒரு குறையும் இல்லை" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மையார் குழவிகளை இரு கைகளாலும் தூக்கி, முன்னதாகவே மடித்துப் போட்டிருந்த பழைய துண்டின்மேல் வைத்தார். பிறகு நடுத்தண்டின் அடியில் ஒட்டிய மாவை ஒற்றை விரலால் நெடுநேரம் வழித்துக்கொண்டிருந்தார். குழவியை வைக்க இடமில்லை, தண்டடியில் மாவு தங்குகிறது என்று இரண்டு தேவைகளைக் குறித்துக்கொண்டேன். பழகிப்போனதால் அவருக்கு அவை குறையாகவே தெரியவில்லை.

கேள்வி: எத்தனை பேரைப் பார்க்க வேண்டும்?

பதில்: ஒரே வகையினரில் ஆறேழு பேரைப் பார்த்த பின்னும் புதிதாக எதுவும் வரவில்லையென்றால் அங்கே நிறுத்தலாம். கிரைண்டர் பழுது பார்ப்பவரை மட்டும் விட்டுவிடாதீர்கள். எந்தப் பாகம் முதலில் தேய்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

கேள்வி: "இன்னும் பெரிய மோட்டார் வையுங்கள்" என்று பயனர்களே தீர்வைச் சொல்கிறார்களே?

பதில்: எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் எதற்காக என்று கேட்காமல் நகராதீர்கள். அரைக்க நேரமாகிறதா, உளுந்து பொங்கி வரவில்லையா என்பதைப் பொறுத்து விடை மாறும். கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேத்தியும் 1968இல் உருவாக்கிய 'ஜெய்ப்பூர் கால்' என்னும் செயற்கைக் காலை எண்ணிப் பாருங்கள். அதற்கு முன் கிடைத்த மேல்நாட்டுச் செயற்கைப் பாதம் காலணி அணிந்து நாற்காலியில் அமர்பவருக்குப் பொருந்தியது. குத்துக்காலிட்டும் சம்மணமிட்டும் உட்கார்ந்து, வெறுங்காலோடு ஈர வயலில் இறங்க வேண்டியவருக்குப் பயன்படவில்லை. "நல்ல கால் வேண்டும்" என்ற சொல்லில் இவை எதுவும் அடங்கா. ஒருவர் எப்படி உட்காருகிறார், எங்கே நடக்கிறார் என்று பார்த்தால்தான், வளைந்துகொடுக்கும், நீர் புகாத ரப்பர் பாதம் ஏன் தேவை என்பது விளங்கும்.

கேள்வி: கண்டறிந்ததை எப்படி எழுதிவைப்பது?

பதில்: "எளிதாகக் கழுவ வேண்டும்" என்றால் பொறியாளர் ஒன்றும் விற்பனையாளர் வேறொன்றும் புரிந்துகொள்வார்கள். "60 வயதைக் கடந்த ஒருவர், கருவி எதுவுமின்றி, 5 நிமிடத்துக்குள் மாவு தங்காமல் கழுவி முடிக்க வேண்டும்" என்று எழுதினால் மாதிரிப் பொருளை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். அந்த 5 உங்கள் ஊகம் என்றால் அதையும் பக்கத்திலேயே குறித்துவையுங்கள். இல்லாவிட்டால் மூன்று மாதம் கழித்து அது யாரும் கேள்வி கேட்காத விதியாகிவிடும்.