7-ஆ, 4-ஆ: எதை எழுதுவது?

குறுகிய கால நினைவில் ஒரே நேரத்தில் எத்தனை விஷயங்கள் நிற்கும் என்ற கேள்விக்கு 7, 4 இரண்டும் சரிதான், அளந்த விதம்தான் வேறு. ஒரு பாடநூலில் 7, இன்னொன்றில் 4 என்று இருப்பது அச்சுப்பிழை இல்லை. உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-ல் சொன்ன 7 (கூட்டியோ குறைத்தோ 2), மனசுக்குள் சொல்லிப் பார்க்கவும் துண்டுகளாகச் சேர்த்துக் கட்டவும் வழி இருக்கும்போது கிடைப்பது. அந்த இரண்டையும் தடுத்தால் எஞ்சுவது 3 முதல் 5. உளவியலாளர் நெல்சன் கோவன் 2001-ல் முன்வைத்த 4 அதுதான். தேர்வில் ஆண்டோடு இரண்டையும் எழுதுங்கள்.

குறுகிய கால நினைவையும் செயல்படு நினைவையும் (தகவலை மனசில் வைத்துக்கொண்டே அதை வைத்து வேலை செய்வது) ஒன்றாகப் படித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. உளவியலாளர்கள் பேடலி, ஹிட்ச் 1974-ல் செயல்படு நினைவுக்குத் தந்த மாதிரியில் ஒலியைச் சுழற்றி வைத்திருக்கும் வளையம் ஒரு பாகம் மட்டுமே. கவனத்தைப் பங்கிடுவது மைய நிர்வாகி.

வளையத்தைத் தடுத்தால் என்ன ஆகும் என்று நீங்களே பார்க்கலாம்: நண்பரை நொடிக்கு ஒன்றாக ஏழு இலக்கங்களைத் தாளில் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் 'லல லல' என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே பார்த்து, பிறகு வரிசை மாறாமல் எழுதுங்கள். வழக்கத்தைவிடச் சீக்கிரம் நழுவும். இலக்கங்களை வாசித்துக் காட்டக் கூடாது. காதில் விழுந்தால் அவை நேரே வளையத்துக்குள் போய்விடும், சோதனை கெடும்.

ஒரு எச்சரிக்கை: வளையம் சுமார் 2 நொடிப் பேச்சைத்தான் தாங்கும். ஆங்கில இலக்கங்கள் பெரும்பாலும் ஓர் அசை, தமிழில் 'இரண்டு', 'ஒன்பது' எல்லாம் நீளம். அதனால் தமிழில் எடுத்த மதிப்பெண்ணை ஆங்கில அட்டவணையோடு ஒப்பிடாதீர்கள்.